கொங்குச் சமவெளியில் டெய்சி வளர்க்க: மாதம், மண், தண்ணீர், செலவு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் வீட்டு முன்னாலோ மொட்டைமாடியிலோ டெய்சி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெய்சி வளர்ப்புக் குறிப்புகள் தேடினால் நிறையக் கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி விலகியதும் நடு, கோடை முழுக்கப் பூ என்றுதான் இருக்கும். அதை நம்பி மார்ச்சில் செடி வாங்கினால் சித்திரைக் கனி வைக்கும்போது தொட்டியில் மண்தான் இருக்கும். நம் வெயிலுக்கும் நம் போர் தண்ணிக்கும் எது பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ள நான் நிறைய அலைந்தாயிற்று. நீங்கள் அலைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் டெய்சி என்பது மழை ஓய்ந்து பனி தொடங்கும்போது நட்டு, வெயில் ஏறுவதற்குள் பூப் பார்க்க வேண்டிய செடி. இந்தக் கணக்கு தப்பினால் எந்த உரமும் காப்பாற்றாது.

1. எந்த டெய்சி என்று முடிவு செய்யுங்கள்

நர்சரியில் போய் டெய்சி என்று கேட்டால் ஏழெட்டுச் செடியைக் காட்டுவார்கள். எல்லாம் சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் வெயில் தாங்குவதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஜெர்பரா: கல்யாண மேடையில் வைக்கிறார்களே, நீளக் காம்பில் ஒற்றைப் பெரிய பூ, அதுதான். பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. பகலில் 22 முதல் 25 டிகிரி, இரவில் 12 முதல் 16 டிகிரி இருந்தால் அதற்குச் சுகம். கோவையில் மார்கழி, தை மாதங்களில்தான் ஓரளவு அதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் மதிய நிழல் கொடுத்தால் தொட்டியில் இரண்டு மூன்று வருடம் உயிரோடு நிற்கும். தொடங்குகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

கைலார்டியா: சிவப்பும் மஞ்சளும் கலந்த பூ. வெயில், வறட்சி எதற்கும் அசராது. கரூர், தாராபுரம், காங்கேயம் பக்கம் இருப்பவர்கள் யோசிக்காமல் இதையே வையுங்கள். தண்ணீர் அதிகமானால்தான் இதற்கு ஆகாது.

ஆப்பிரிக்க டெய்சி: டைமார்போதீகா என்ற பெயரில் விதைப் பொட்டலமாகக் கிடைக்கும். வெள்ளை, ஆரஞ்சு நிறங்கள். ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். வெயில் பட்டால்தான் பூ விரியும். மேகமூட்டமாக இருந்தாலும் சாயங்காலமானாலும் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டுச் செடிக்கு நோவு என்று மருந்து அடிக்காதீர்கள்.

சாஸ்தா டெய்சி: வெள்ளை இதழ், மஞ்சள் நடு. படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு உயரத்தில் வருடக்கணக்கில் நிற்கும். கீழே ஒரு குளிர்காலம் மட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வைக்கலாம். பெல்லிஸ் என்கிற குட்டி இங்கிலீஷ் டெய்சியைச் சமவெளியில் வாங்கவே வேண்டாம்.

செவ்வந்தி: சாமிக்கும் தலைக்கும் பூ வேண்டுமென்றால் டெய்சியை விட்டுவிட்டு இதற்கு வந்துவிடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 மஞ்சள் ரகம் நம் ஊருக்கென்றே வந்தது. பகல் பொழுது குறுகும்போதுதான் செவ்வந்தி மொட்டு வைக்கும். ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தால் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். பலருக்கு இந்தக் காரணம் தெரியாமல் உரத்தை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தரையில் படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவையும் சில இடங்களில் டெய்சி என்று கொடுப்பார்கள். சாகவே சாகாது, உண்மைதான். ஆனால் இரண்டு மழை பெய்தால் வாய்க்கால், வேலி, பக்கத்து மனை எல்லாம் அதுவே. தொட்டிக்கு வெளியே விடாதீர்கள்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு, வேலியோரத்தில் தாத்தாப்பூ இருக்கவே இருக்கிறது. தாத்தா தலையை வெட்டி விளையாடினோமே, அதுவும் டெய்சி இனம்தான்.

2. நாள் குறித்துக்கொள்ளுங்கள்

விதையாகப் போடுவதென்றால் புரட்டாசி கடைசியில், அதாவது அக்டோபர் முதல் பாதியில், குழித்தட்டில் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நேராக அடிக்காத இடமாக இருக்க வேண்டும். நாற்றைத் தொட்டிக்கு மாற்றுவது கார்த்திகையில். தையிலிருந்து பங்குனித் தொடக்கம் வரை பூ.

ஜெர்பராவை விதையில் தொடங்குவது புதியவர்களுக்கு வேண்டாத வேலை. விதைக்கு முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். முளைத்தாலும் பூப் பார்க்க நாலு மாதம் ஆகும், அதற்குள் வெயில் வந்துவிடும். அதைச் செடியாகவே கார்த்திகையில், அதாவது நவம்பர் நடுவுக்குப் பிறகு வாங்குங்கள்.

செடி வாங்கவே கூடாத காலம் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. இதில்தான் பெரிய பொறி இருக்கிறது. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போவோம். பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்ததும் இரண்டு தொட்டி வாங்கி வண்டி டிக்கியில் வைப்போம். மேட்டுப்பாளையம் இறங்கும்போதே இலை துவளத் தொடங்கிவிடும். மலைக்குளிரில் வளர்ந்த செடிக்கு நம் மே மாத வெயில் ஒரு வாரம்கூட ஆகாது. ஆசை விடவில்லையென்றால் விதைப் பொட்டலமாக வாங்கி, காலாவதித் தேதி பார்த்து, புரட்டாசி வரை பத்திரமாக வையுங்கள்.

3. தண்ணீரையும் மண்ணையும் சோதித்துவிடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஜெர்பராவுக்கு மண்ணின் பி.எச்., அதாவது அமில-காரத்தன்மை அளவு, 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். நம் பக்கம் கரிசலாக இருந்தாலும் சுண்ணாம்புக்கல் கலந்த செம்மண்ணாக இருந்தாலும் பெரும்பாலும் 8-ஐ ஒட்டி நிற்கும். அதன்மேல் உப்புத்தண்ணியையும் ஊற்றினால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மையால் செடி அதை எடுக்க முடிவதில்லை.

தொட்டியில் மட்டும் வளர்ப்பதென்றால் முழுச் சோதனை தேவையில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 300 ரூபாய் அளவில் கிடைக்கும், அது ஒன்று போதும். 500-க்குக் கீழே காட்டினால் தாராளமாக ஊற்றலாம். 1000 தாண்டினால் அந்தத் தண்ணீரை ஜெர்பராவுக்குத் தொடாதீர்கள். சிறுவாணி, பில்லூர் குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகள் கொடுத்துவைத்தவை. அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றலாம். போர் மட்டும்தான் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு இன்னும் கூடுதல். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் பாத்தி கட்டி வளர்ப்பதென்றால் சோதனை அவசியம். மாவட்டந்தோறும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அரசு நிலையங்களில் கட்டணம் சொற்பம். கொண்டுபோக வேண்டியவை:

மண்: நாலைந்து இடத்தில் வி வடிவக் குழி அரை அடி ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ துணிப்பையில். எருக்குழிக்குப் பக்கத்திலும் மரநிழலிலும் எடுத்த மண் தவறான முடிவைக் காட்டும்.

தண்ணீர்: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, ஒரு லிட்டர். அன்றே கொடுத்துவிட வேண்டும்.

சீட்டு: பெயர், முகவரி, கைபேசி எண், ஊர், வட்டாரம், சர்வே எண், இப்போதுள்ள பயிர், அடுத்து வைக்கப்போவது. ஆதார் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும், கேட்டால் திரும்ப அலைய வேண்டாம்.

முடிவு வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம். அதனால் ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் கொடுத்தால் முடிவு வருவதற்குள் பருவம் பாதி போய்விடும்.

4. மண்கலவையும் செலவும்

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் அள்ளிப் போட்டால் நாலு தண்ணிக்குள் இட்லிக்கல்லாட்டம் இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, மட்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, நெல் உமி அரைப் பங்கு, தொட்டிக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. இதுதான் நான் வைத்திருக்கும் கணக்கு. காங்கேயம் பக்கம் அரிசி ஆலைகளில் உமி மலிவாகக் கிடைக்கும். ஆட்டுப் புழுக்கை போடுவதென்றால் பழையதாக இருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். மணலுக்குப் பதில் கழுவாத எம்-சாண்ட் சேர்க்க வேண்டாம், அதன் தூள் அடியில் போய் ஓட்டையை அடைத்துவிடும்.

தென்னைநார்த் தூள் பொள்ளாச்சிப் பக்கம் மலிவு. கோகோபீட் கட்டி என்று ஐந்து கிலோ 150 முதல் 250 ரூபாய்க்குள் கிடைக்கும். அதை ஊறவைத்து நேராகக் கலந்துவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து என்று இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். கடைசியாக வடியும் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள், நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கியிருந்தால் சரி.

ஐந்து தொட்டி ஜெர்பராவுக்கு எங்கள் பக்க விலையில் தோராயக் கணக்கு: செடி ஒன்று 80 முதல் 150 ரூபாய், பத்து அங்குலப் பை 20 முதல் 40, மண்புழு உரம் கிலோ 15 முதல் 25, வேப்பம் புண்ணாக்கு கிலோ 40 முதல் 60. எல்லாம் சேர்த்து 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் முடிக்கலாம். பீங்கான் தொட்டி ஆசை வந்தால் கணக்கு வேறு. தோட்டக்கலைத் துறை சில வருடங்களில் மாடித்தோட்டத் தளை என்று பை, நார்த்தூள், உயிர் உரம் எல்லாம் சேர்த்து மானியத்தில் கொடுக்கிறது. காய்கறிக்குத்தான் கொடுப்பது. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த வருடம் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

5. செடி பார்த்து வாங்குவது

“ஏனுங்க, இது வெயில் தாங்குங்களா?” என்று கேட்டால், “அதெல்லாம் நல்லாத் தாங்குமுங்க” என்றுதான் எந்த நர்சரியிலும் பதில் வரும். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். “எங்கிருந்து வந்துச்சுங்க, வந்து எத்தனை நாளாச்சுங்க?” என்று கேளுங்கள். ஓசூர் பக்கமிருந்தோ பெங்களூரிலிருந்தோ நேற்றுத்தான் லாரியில் இறங்கியது என்றால், இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இங்கத்தி வெயிலில் இரண்டு வாரம் நின்று பிழைத்த செடியை வாங்குவதே மேல்.

பூ நிறைய இருக்கும் செடியைவிட மொட்டு இருக்கும் செடி நல்லது. குருத்தை விரலால் விலக்கிப் பாருங்கள், கருத்தோ கொழகொழவென்றோ இருந்தால் வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈ பறந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளிலிருந்து பத்து நாள் தள்ளி வைத்து, நிழலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள்.

6. நடும்போது கழுத்தைப் புதைக்காதீர்கள்

ஜெர்பரா சாகிறதென்றால் பாதிக்குப் பாதி இங்கேதான். இலைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பும், அந்தக் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தெரிய வேண்டும். தக்காளி நாற்று மாதிரி ஆழ ஊன்றினால் செடி உறுதியாக நிற்பதுபோல் தோன்றும், இரண்டாம் வாரம் அடியோடு கையில் வந்துவிடும். நட்டு நாலு நாளில் மண் அமரும், கழுத்தும் சேர்ந்து இறங்கும். அப்போது ஒருமுறை பார்த்துத் தூக்கிவிடுங்கள்.

நட்ட அன்று சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள். நன்மை செய்யும் பூஞ்சாணமான ட்ரைக்கோடெர்மா விரிடியைப் புண்ணாக்கோடு கலந்து வைத்தால் கழுத்தழுகல் குறையும். இவற்றைப் போட்ட கையோடு ரசாயனப் பூஞ்சாண மருந்தும் ஊற்றினால் இரண்டுக்கும் செலவழித்த காசு வீண். இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

விதையாகப் போடும் கைலார்டியா, சாஸ்தா விதைகளை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி, நார்த்தூளை மெல்லிசாகப் போர்த்தினால் போதும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும்.

7. தண்ணீர், உரம், வெயில்

காலையில் வேரில் ஊற்றுங்கள். சாயங்காலம் பைப்பைப் பிடித்துத் தலையோடு குளிப்பாட்டினால் குருத்தில் தண்ணீர் ராத்திரி முழுக்க நிற்கும், அழுகல் தொடங்கும். மேல்மண் ஒரு விரல்கணு காய்ந்தபிறகு அடுத்த தண்ணீர். பனிக்காலத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் போதும்.

வெயில் காலையில் நாலைந்து மணி நேரம் வேண்டும். கிழக்கு பார்த்த வாசல் இருந்தால் வேறு இடம் தேட வேண்டாம். மாசியிலிருந்து மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம். இயற்கை முறை வேண்டுமென்றால் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். யூரியா போட்டால் இலை முறம் அளவுக்கு வரும், பூ வராது. நரம்பு பச்சையாகி இலை மஞ்சளானால் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், கூடவே எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு கிராம், சாயங்காலமாகத் தெளியுங்கள். வாங்கிய அன்னபேதி காவி நிறமாகியிருந்தால் பயனில்லை, வெளிர்பச்சையாக இருக்க வேண்டும்.

8. பூச்சியும் நோயும்

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல். இலையில் வெள்ளைக் கோடு கோடாகக் கிறுக்கினாற்போல் இருந்தால் இலைத்துளைப்பான். மருந்து தேடாமல் அந்த இலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மாசிக்குப் பிறகு இலையடியில் மெல்லிய நூலாம்படையும் வெளுத்த புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தைக் காலையில் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும்.

சுற்றுவட்டாரத்தில் பார்த்தீனியம் இருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள், கையுறை போட்டு, பூக்கும் முன்பே. அதுவும் இதே குடும்பத்துச் செடி, மாவுப்பூச்சிக்குத் தாய்வீடு. இன்னொன்று, பார்த்தீனியம் பட்டால் தோல் தடித்து அரிக்கிறவர்களுக்குச் செவ்வந்தி, டெய்சி வகைகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

9. பூப் பறிப்பது

ஜெர்பராவைக் கத்தரியால் வெட்டக் கூடாது. மிச்சமிருக்கும் காம்பு அழுகி, அழுகல் கழுத்துக்கு இறங்கும். காம்பின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் அப்படியே கழன்று வரும். நடுவட்டத்தில் இருக்கும் குட்டிப் பூக்களில் வெளி ஓரத்து இரண்டு வரிசை விரிந்தபிறகு பறித்தால்தான் ஜாடியில் ஒரு வாரம் நிற்கும். ஜாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், நிறைய ஊற்றினால் காம்பு கொழகொழத்துவிடும். கைலார்டியா, சாஸ்தாவில் வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடுத்த மொட்டு வரும்.

10. கோடையைத் தாண்டுவது

பங்குனி முதல் வைகாசி வரை ஜெர்பரா பூக்காது. பூக்க வைக்கவும் முயல வேண்டாம். உரத்தை நிறுத்தி, தொட்டியை வீட்டின் வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரம் நகர்த்தி, கழுத்தைத் தொடாமல் காய்ந்த தென்னைநாரை மண்மேல் பரப்புங்கள். மொட்டைமாடித் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள், தளத்தின் சூடு வேரை வேகவைக்கும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற ஊர்களில் காற்றே மண்ணைக் காயவைத்துவிடும். அப்போது வெயில் இல்லையே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரண்டு வருடமான தூரைப் புரட்டாசியில் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் வேரும் நாலு இலையும் இருக்கும்படி புதுக் கலவையில் நடலாம்.

11. விற்பனைக்கு வளர்க்கும் எண்ணம் வந்தால்

ஐந்து தொட்டி நன்றாகப் பூத்ததும் பசுமைக்குடில் ஆசை வரும். கணக்கே வேறு, ஆனால் மானியத்துக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், மண், தண்ணீர் பரிசோதனை அறிக்கை, தேவைப்பட்டால் தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று. சிட்டாவை அரசு இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம், இதற்குத் தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். பதிவு தோட்டக்கலைத் துறை இணையதளத்திலோ உழவன் செயலியிலோ. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மனு நின்றுவிடும், அதனால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். பாதி மானியம் என்று கேள்விப்படுவது துறை நிர்ணயித்த செலவில் பாதி. ஒப்பந்தக்காரர் போடும் விலைச்சீட்டில் பாதி அல்ல. வேலை உத்தரவு கைக்கு வரும் முன் ஒரு குழாயைக்கூட ஊன்றாதீர்கள். முன்பே கட்டியதற்கு மானியம் வராது.